பின்வாசல் வரம்பு

முதலிமடு பொலிஸ் காவலரணுக்கு வருகிற முறைப்பாடுகளில் பாதி யானையைப் பற்றியது. மீதிப் பாதி அந்த யானையைப் பார்க்க வராத அதிகாரிகளைப் பற்றியது. கல்முனையில் பஸ் பிடித்து, இறங்கி, திரீவீலர் பிடித்து, அதுவும் இதற்கு மேல் வரமாட்டேன் என்று திரும்பிப் போன பிறகு ஒரு மைல்கட்டைத் தூரம் நடந்தால் வரும் இடம் அது. ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேர் இருந்தார்கள், ஜீப் ஒன்றுதான். அன்றைக்கு அந்த ஜீப்பும் ஒரு சந்தேகநபரை ஏற்றிக்கொண்டு அம்பாறைக் கோர்ட்டுக்குப் போய்விட்டது. பிரச்சினை என்பது நேரம் பார்த்துத்தானே வரும்!

காலை பத்தேகாலுக்கு கிராம சேவகர் போன் எடுத்தார். முதலிமடு வயல்வட்டைக்குள் ஒரு மவுத்து. நெல்லுக்காரன் றஸாக்கின் பெண்சாதி மர்ஷூதா, நாற்பத்தைந்து வயது. விடியற்காலையில், வயல் காவலுக்கு நின்ற மகனுக்குத் தேத்தண்ணி கொண்டு போன இடத்தில் விழுந்து கிடந்தாளாம். மாரடைப்பு என்கிறார்கள். நடுப்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கப் போகிறார்கள்.

சார்ஜன் ஹேரத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். காவலரணில் துப்பாக்கிகள் இருக்கின்றன, விட்டுப் போக முடியாது. அதோடு பெண் மையித்து கிடக்கிற அறைக்குள் அவரை யார் விடப் போகிறார்கள்?

"நிப்லா, நீ போ," என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில். "நல்லா பாரு. எல்லாம் பாரு."

நிப்லாவுக்கு இருபத்தேழு வயது. அந்தக் காவலரணின் ஒரே பெண் கான்ஸ்டபிள் அவள். தமிழை ஒழுங்காக எழுத வாசிக்கத் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். வழியில் திடீர் மரண விசாரணை அதிகாரி காலிதீனுக்குப் போன் போட்டாள். அவர் மருதமுனைப் பக்கம் இன்னொரு விசாரணையில் நின்றார்.

"பன்னிரண்டரைக்கு வந்திருவன் மகள். நீங்க முதல்ல போய்ப் பாருங்க. சந்தேகம் ஒண்டும் இல்லையெண்டு நீங்க சொன்னா, வந்து எழுதிக் குடுக்கிறன், அடக்கட்டும். ஒரு சொட்டுச் சந்தேகம் எண்டாலும் சொல்லுங்க, மையித்து அம்பாறை ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்."

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் வெட்டிப் பார்ப்பது. மையித்தை வெட்டுவது என்ற சொல்லைக் கேட்டாலே அந்த ஊரில் கிழவன்மார் காதைப் பொத்துவார்கள். அடக்கம் நாளைக்குத் தள்ளிப் போகும். தள்ளிப் போட்டவள் யார் என்று நாற்பது வருஷத்துக்குப் பேசுவார்கள். இது முழுக்க ஒரு கான்ஸ்டபிளின் வாயில் இருந்து வரும் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

றஸாக்கின் வளவில் கதிரைகள் போட்டாயிற்று. மையவாடியில் குழி வெட்ட ஆள் போயாயிற்று. முன்வாசலில் சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் உருவி அதற்குள் திணித்துவிட்டு நிமிர்ந்தவள், படியோரம் கிடந்த ஒரு சோடிச் செருப்பைக் கண்டாள். நீலப் பட்டி, இடது பக்கம் கறுப்பு நூலால் தைத்தது. தைத்துக் கொடுத்ததே அவள்தான்.

அது அவளுடைய உம்மாவின் செருப்பு. சபியா உம்மா சுற்றுவட்டாரத்தில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவர். பக்கத்து ஊரில் இருந்து ஆள் அனுப்பிக் கூட்டி வந்திருக்கிறார்கள். பனிப் புல்லில் நடந்து வந்த செருப்பு காய்ந்து கிடந்தது. வந்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். மையித்தைக் கழுவியாயிற்று!

"ஏன் இவ்வளவு அவசரம்? பொலிஸ் வருமெண்டு தெரியாதா?" என்று றஸாக்கிடம் கேட்டாள்.

"மையித்து அல்லாஹ்ட அமானிதம் மகள், கிடத்தி வெச்சிரிக்கப்படா," என்றார் றஸாக். கண் சிவந்திருந்தது. அழுத கண்தான், பொய்யில்லை. ஆனால் அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"மாமா, ஒண்டு கேக்கிறன். வயலில கம்பி கட்டியிரிக்கீங்களா?"

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. கதிர் பால் பிடித்திருக்கிற மாதம். யானையும் பன்றியும் இறங்குகிற காலம். மேலே போகிற கரண்ட் லைனில் கொக்கி போட்டு, வயலைச் சுற்றிக் கம்பி இழுக்கிற பழக்கம் வட்டை முழுக்க இருந்தது. போன மாதம்தான் சார்ஜன் ஹேரத்தும் அவளும் ஒலிபெருக்கி கட்டி, பிடிபட்டால் மறியற்சாலைதான் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்குக் காசா பணமா?

"கம்பியா? நாங்க வெடிதான் கொளுத்துற. ஒரு நாளும் இல்ல," என்றார் றஸாக்.

மகன் அர்ஹம் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தான். இருபத்திரண்டு வயது. உம்மாவைக் கண்டெடுத்தவன் அவன்தான். அழவுமில்லை, கதைக்கவுமில்லை. நிப்லா இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவன் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்காபை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அவள் உள்ளே போனாள். மர்ஷூதா வெள்ளைக் கபன் துணிக்குள் இருந்தாள். முகம் மட்டும் திறந்திருந்தது. சாம்பிராணி மணத்தது. தலைமாட்டில் சபியா உம்மா யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் குரல் ஒரு கணம் தட்டுப்பட்டது, பிறகு ஓதல் தொடர்ந்தது.

"கையையும் காலையும் பாக்கணும்," என்றாள் நிப்லா.

அறை கொதித்துவிட்டது. கபன் கட்டியாச்சு, அவிழ்ப்பதா? நீயும் ஒரு முஸ்லிம் பொம்பளையா? உடுப்பு மாறினால் ஈமானும் மாறுமா? ஒருத்தி அவளுடைய முழங்கையைப் பிடித்தே விட்டாள். அந்த நேரத்தில் நிப்லாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கோபத்துக்குப் பின்னால் வெட்கமும் வந்தது. அதுதான் கூடச் சுட்டது.

அவள் உம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"உம்மா, நீங்கதானே கழுவின. காயம், கறுப்பு, ஏதும் இருந்திச்சா?"

சபியா உம்மா ஓதலை நிறுத்தினார்.

"கழுவக்குள்ள கண்டத கதைக்கப்படா மகள்."

"இல்லையெண்டு சொல்லுங்க, நான் எழுந்து போறன்."

"கதைக்கப்படா எண்டு சொல்றன்."

"உம்மா, நான் பொலிசாக் கேக்கிறன்."

"நான் மையித்துக்காரியாச் சொல்றன். ஒரு மையித்துட குறைய மறைச்சா, நாளைக்கு மறுமையில, மஹ்ஷரில அல்லாஹ் நம்மட குறைய மறைப்பான். முப்பது வருஷமா இந்த வாய் திறந்ததில்ல. ஒனக்காகவும் திறக்காது."

உம்மா பொய் சொல்லமாட்டார், அது நிப்லாவுக்குத் தெரியும். இல்லை என்ற சொல்லை அவர் கடைசி வரை சொல்லவில்லை, அதுவும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் சொல்லாத சொல்லை எந்தப் புத்தகத்தில் எழுதுவது? என் தாய் இல்லையென்று சொல்லவில்லை, ஆகவே சந்தேகம் என்றா?

வாசலில் பள்ளிவாசல் தலைவர் அச்சிமுகம்மது நின்று கைக்கடிகாரத்தைத் தட்டினார். "தங்கச்சி, பன்னிரண்டாச்சி. பாங்கு சொன்னா மையித்துச் சந்தூக்கைத் தூக்கணும். நல்ல பொம்பள, நல்ல மவுத்து. ஏன் கிண்டிக் கிளறுறீங்க? காலிதீனுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்க, முடிஞ்சி."

பலர் வாசலை அடைத்து நின்றார்கள். அவள் ஒருத்தி. கையில் ஒரு குறிப்புப் புத்தகமும் ஒரு போனும். மையித்துக் கழுவியாயிற்று, கபன் கட்டியாயிற்று, எல்லாரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். உண்மையைச் சொல்வதென்றால் அவள் தோற்றுத்தான் போயிருந்தாள். சந்தேகம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. விழுந்த இடத்தை ஒரு தரம் பார்த்தோம் என்றாவது எழுத வேண்டுமே, அவ்வளவுக்குத்தான் எழுந்தாள்.

"எந்த இடத்தில விழுந்த?"

"பின்னுக்கு வரம்பில," என்றாள் ஒரு பெண். "குசினியால போனா ஒடனே வயல்தான்."

அவள் குசினியைத் தாண்டிப் பின்வாசலால் இறங்கினாள். பின்னால் றஸாக்கும் நாலைந்து பேரும் வந்தார்கள். கிணறு, கிணற்றுக்கு அப்பால் பத்து எட்டில் வயல். இடுப்பளவு நெல், தண்ணீர் கட்டிய வயல், புல் மண்டிய வரம்பு. வரம்பு ஈரமாய்க் கிடந்தது. சப்பாத்து முன்வாசலில் கிடக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கென்ன, வயல்காரன் பேத்திக்கு வெறுங்கால் புதுசா? காற்சட்டையை மடித்துக்கொண்டு வரம்பில் ஏறினாள். முதல் எட்டு வைத்தாள், இரண்டாவது எட்டும் வைத்தாள்.

"நிப்லா!"

மையித்து வீட்டில் யாரும் அப்படிக் கத்துவதில்லை. குசினி வாசலில் சபியா உம்மா நின்றார். முக்காடு தோளில் விழுந்து கிடந்தது.

"கால வெக்காத! என்ட அல்லாஹ்வே, கால வெக்காத புள்ள!"

நிப்லாவின் வலது கால் அந்தரத்தில் நின்றது. அவள் கீழே பார்த்தாள். ஒரு முழம் முன்னால், புல்லுக்குள், சின்னத் தடிகளில் சுற்றி, வரம்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு மெல்லிய கம்பி போனது. அதன் ஓரமாய்த் தண்ணீரில் ஐந்தாறு தவளைகள் வயிறு மேலே தெரிய மிதந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு கொக்கு, கழுத்து மடங்கிக் கிடந்தது. அதற்கும் அப்பால் சிவப்பு நிறத் தேத்தண்ணிப் போத்தல் ஒன்று சரிந்து கிடந்தது.

காலை மெல்லப் பின்னால் வைத்தாள்.

"ஒண்டுமில்ல மகள், அது செத்த கம்பி, கழட்டியாச்சி!" என்று றஸாக் ஓடி வந்தார். கம்பியே இல்லை என்ற மனிதர்! திரும்பிக் கிணற்றடியைப் பார்த்தார். "டேய் அர்ஹம், கழட்டின தானே?"

அர்ஹம் எழுந்தான். காலையில் இருந்து திறக்காத வாய் அப்போதுதான் திறந்தது.

"நான் காஞ்ச கம்பால உம்மாவத் தள்ளி எடுத்துத் தூக்கிட்டு வந்தன். நீங்க கொக்கியக் கழட்டினீங்க எண்டுதானே வாப்பா நான்..."

றஸாக் நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் கழற்றவில்லை. மகன் கழற்றினான் என்று அவர் நினைத்தார், வாப்பா கழற்றினார் என்று அவன் நினைத்தான். விடியற்காலை தொடங்கி நடுப்பகல் வரை அந்தக் கம்பி உயிரோடு கிடந்தது. அதற்குப் பத்து எட்டுத் தள்ளி இருந்த கிணற்றில்தான் மையித்துக் கழுவத் தண்ணீர் அள்ளினார்கள். சின்னப் பிள்ளைகள் அந்த வளவில்தான் ஓடிப் பிடித்து விளையாடின. அச்சிமுகம்மது கடிகாரக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தன் பேரன் எங்கே என்று சுற்றிச் சுற்றித் தேடினார்.

"ஒருத்தரும் அசையப்படா!" என்றாள் நிப்லா. குரல் அவளுடையதாக இல்லை. "புள்ளைகள எல்லாம் முன்வளவுக்குக் கொண்டு போங்க. கிணத்தடிக்கும் யாரும் போகப்படா. லைனைக் கழட்டுற ஆக்கள் வரும் வரைக்கும் இதுதான் சட்டம்."

பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முன்வளவுக்கு ஓடினார்கள். அவள் கரண்ட் ஆபீசுக்குப் போன் எடுத்தாள், சார்ஜன் ஹேரத்துக்கு எடுத்தாள், கடைசியாகக் காலிதீனுக்கு எடுத்தாள். "சந்தேகம் இரிக்கி சேர்," என்றாள். அப்போது பள்ளியில் லுஹர் பாங்கு கேட்டது. யாரும் சந்தூக்கைத் தூக்கவில்லை.

அர்ஹம் அவளிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினான். "நான்தான் கட்டின ராத்தா. வாப்பாவ விட்டிருங்க. எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்ததுக்கு..." அதற்கு மேல் வரவில்லை. அவளிடம் போடுவதற்கு விலங்கு இல்லை, அது ஜீப்போடு கோர்ட்டுக்குப் போயிருந்தது. அவனைக் கதிரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவன் அப்போதுதான் அழுதான். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பொலிஸ் என்றால் என்ன, கல்லா?

ஒன்றரைக்கு லைன்காரர் வந்து கொக்கியை இறக்கினார்கள். அந்த வட்டையில் மட்டும் இன்னும் நாலு கொக்கி இருந்தது. எல்லாவற்றையும் இறக்கினார்கள்.

சபியா உம்மா குசினிப் படியில் தனியே குந்தியிருந்தார். அவரைச் சுற்றிப் பெண்கள் விலகி நின்றார்கள். மையித்துக் கழுவுகிறவளின் வாய் திறந்துவிட்டது என்று ஏற்கெனவே குசுகுசுப்பு ஓடியிருந்தது. நிப்லா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உம்மா, ஜீப் திரும்பினதும் சார்ஜன் வந்து உங்கட வாக்குமூலம் எடுப்பார்."

"என்னத்தச் சொல்ல? நான் மையித்தப் பத்தி ஒரு சொல்லும் சொல்லல்ல. என்ட புள்ளையத்தான் கூப்பிட்டன்."

ஓம், அதுவும் உண்மைதான். ஆனால் நிப்லாவுக்கு நெஞ்சுக்குள் ஒரு முள் கிடந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டாள்.

"நான் அந்த வரம்பில ஏறாம, முன்வாசலால போயிரிந்தா? அடக்க விட்டிருப்பீங்களா உம்மா?"

சபியா உம்மா கம்பி கிடந்த பக்கத்தைப் பார்த்தார். முன்வளவில் அச்சிமுகம்மதின் பேரன் எதற்கோ சத்தமாய்ச் சிரித்தான்.

"ஓம்," என்றார்.

மையித்தை ஏற்ற வேன் வந்ததும் சபியா உம்மா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார்.

"நானும் அம்பாறைக்குப் போறன். வெட்டித் தெச்சித் தருவாங்க. திரும்பக் கழுவக்குள்ள நான் இரிக்கணும். அவட காலைக் கண்டவள் நான் ஒருத்திதான், இன்னொருத்தி காணப்படா."

வேனில் ஏறுமுன் வளவைச் சுற்றி முன்வாசலுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் நிப்லாவின் சப்பாத்துகள் இருந்தன. மகளின் காலடியில் அவற்றைச் சோடியாக வைத்தார்.

"போடு," என்றார். "போட்டுட்டு வேலையப் பாரு."