இன்னொருவன் பானை

சித்திரை பிறந்தால் மொக்கைச்சாமி கோரிப்பாளையத்துச் சாலையோரம் தண்ணீர்ப் பந்தல் போட்டுவிடுவார். அழகர் ஆற்றில் இறங்கும் நாள்வரை, மொண்டு ஊற்றும் செம்பை மனைவி ரெங்கம்மாளிடம்கூடத் தரமாட்டார். குடித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு சும்மா நகர முடியாது. "யார் பந்தல்னு தெரியுமாய்யா?" என்று கேட்டு, தம் பெயரைச் சொல்ல வைத்தே வழிவிடுவார். பிறர் காசுக்கு ஆசைப்படாத மனிதர். அவரைப் பேராசைக்காரர் என்று எவராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

அந்த ஆண்டு எதிர்ச்சாரியில் பீர் முகமது ஒரு பானை வைத்தார். யுத்தத்துக்குத் தப்பி, பர்மாவிலிருந்து கால்நடையாக முந்தைய ஆண்டுதான் ஊர் திரும்பியவர். வழியில் யார் யாரோ வார்த்த தண்ணீரால் உயிர் பிழைத்தவர். வேப்பமர நிழல், புதுப்பானை, உள்ளே வெட்டிவேர். அழகரைக் காண வந்த கூட்டம் வெயில் தாளாமல் நிழலின் பக்கம் ஒதுங்கியது.

மொக்கைச்சாமிக்கு வயிறு எரிந்தது.

"இங்க இம்புட்டுத் தண்ணி நெறஞ்சு கெடக்கு, சனம் அங்கிட்டுப் போகுதே! பாய் என்ன, சர்பத்தா ஊத்துறாரு?"

"தவிச்ச வாய் எங்கிட்டுக் குடிச்சா என்ன?" ரெங்கம்மாள் சிரித்தாள். "சோலி கொறஞ்சுச்சுன்னு ஒக்காருங்க."

அந்தச் சிரிப்பு அவர் கோபத்தில் எண்ணெய் வார்த்தது. செம்பை வீசியெறிந்து சாலையைக் கடந்தார். ஓங்கி ஓர் உதை. பானை சிதறித் தண்ணீர் புழுதியில் ஓடியது. முன்னால் நின்ற சின்னத்தாய் என்ற குடியானவப் பெண் குவித்த கையை இறக்கவும் மறந்து நின்றாள்.

"நம்ம பந்தலுக்கு வாங்க! அம்புட்டுப் பேருக்கும் நான் ஊத்துறேன்!" என்று முழங்கினார் மொக்கைச்சாமி.

ஒருவரும் அசையவில்லை.

"நாக்கு வறண்டு விழுந்தாலும் சரி, பானையை ஒடைச்ச காலுக்குச் சொந்தக்காரன் தண்ணி எனக்கு வேணாம்." சின்னத்தாய் முந்தானையை உதறிக்கொண்டு நடந்தாள். கூட்டமும் அவள் பின்னால் போயிற்று.

பீர் முகமது உடைந்த ஓடுகளைத் தாண்டி மொக்கைச்சாமியின் எதிரே வந்து நின்றார்.

"மாண்டலேல ஒரு புத்த மடத்துச் சுவத்துல படம் பாத்தேன், அண்ணே. அண்டா கணக்கா வயிறு, ஊசிக்காது கணக்காத் தொண்டை. ஆத்துக்குள்ள நின்னும் குடிக்க முடியாத பேய். 'திருட்டுப்பயலா?'ன்னு அங்க இருந்த பிக்குவைக் கேட்டேன். 'இல்ல, இவனும் கொடுத்தவன்தான். அடுத்தவன் கொடுக்கப் பொறுக்காமத் தடுத்தவன். புண்ணியமும் பேரும் தனக்கு மட்டும் வேணும்கிறதும் ஆசைதான்'னாரு. அன்னிக்கு எனக்கு வெளங்கல. இன்னிக்கு அந்த மூஞ்சியை நேர்லயே பாக்குறேன்!"

மொக்கைச்சாமி அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கைக்கு அப்பால், உலர்ந்த உதடுகளோடு போகிறவர்களின் முதுகுகள் தெரிந்தன. அவர் பந்தலில் தண்ணீர் தொடுவாரின்றி நிறைந்திருந்தது. கை இறங்கியது. கோபம் மட்டும் இறங்கவில்லை. திரும்பி அவர்மீதே பாய்ந்தது.

பந்தலில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய பானையைத் தோளில் சுமந்து வந்து, வேம்பின் நிழலில் மணல் கூட்டி இருத்தினார். பிறகு குடத்தை எடுத்தார்.

"நம்ம பந்தல் சால்லதான் தண்ணி நெறஞ்சு இருக்கே?" என்றாள் ரெங்கம்மாள்.

"அது எம் பேருக்கு வச்ச தண்ணி. பாயோடதைக் கொட்டுனவன் நான். நானே சொமந்து வாரேன்."

வைகை மணலில் ஊற்றுத் தோண்டி, திருவிழாக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குடத்தோடு திரும்பி, பானையில் ஊற்றினார். பீர் முகமது எட்டிப் பார்த்தார். முகத்தில் கடுமை குறையவில்லை.

"ஒரே மணலு. அடுத்த நடைக்குத் துணி கட்டி மொண்டு வாங்க."

மொக்கைச்சாமி தலைத்துண்டை அவிழ்த்துக் குடத்தின் வாயில் கட்டிக்கொண்டு மறுபடியும் ஆற்றில் இறங்கினார்.