உப்பைக் கையில் கொடுத்த வீடு

கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு கடல் உண்டாகிக்கொண்டிருந்ததால் தையல்நாயகி அன்று வாசல் தெளிக்கவில்லை. வாசல் கூடத்தோடு போய்விட்டது.

எல்லாம் உப்பால் வந்த வினை. அவள் புருஷன் கலியமூர்த்தி காலையில் குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு பத்தவில்லை என்றான். வேண்டுமானால் நீங்களே எடுத்துவந்து போடுங்கள் என்றாள் இவள். அவன் ஜாடியிலிருந்து ஒரு பிடி கல்லுப்பை அள்ளி, நேராக அவள் உள்ளங்கையில் கொடுத்தான். உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும். கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாகப்பட்டினத்தில் தவழுகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். கொடுத்தவனுக்குத்தான் புத்தி இல்லை, வாங்கியவளுக்காவது இருந்திருக்க வேண்டாமா? அவளும் கையை நீட்டி வாங்கிவிட்டாள். பிறகு ஞாபகம் வந்து உதறினாள். உப்பு தரையில் சிதறியது. சிதறிய இடத்தில் தரை விரிசல் விட்டது.

முதலில் அது நகத்தளவுதான் இருந்தது. அவன் உப்பு ஜாடியோடு அந்தப் பக்கம் நின்றான். அவள் இந்தப் பக்கம் நின்றாள்.

"நீ வா," என்றான்.

"நீங்கதான கையில குடுத்தீங்க. நீங்க வாங்க."

"நீதான வாங்குன."

ஓர் எட்டு வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். யாரும் வைக்கவில்லை. இரண்டு பேருமே வீம்புக்குப் பிறந்தவர்கள்.

தரை நடுவில் சப்பாத்தி மாவு போல இழுபட்டு மெலிந்தது. மெலிந்த இடம் பள்ளமானது. சிதறிய உப்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியது. கடல் உள்ளே வந்து எட்டிப் பார்த்தது. காய்ந்துபோனது. மறுபடி வந்தது. வந்த தடவையெல்லாம் தன் பங்குக்கும் கொஞ்சம் உப்பை விட்டுவிட்டுப் போனது. பிறகு ஒரேயடியாகத் தங்கிவிட்டது. அதன் அடியில் புதுத் தரை ஒன்று முளைத்தது, கறுப்பாக, சுடச்சுட. கொத்தனார் யாரும் வரவில்லை.

"பயப்படாத. நகம் வளருற வேகத்துலதான் போவுது," என்றான் கலியமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தபடி.

தையல்நாயகி உடனே நகத்தை வெட்டினாள். கடல் நிற்கவில்லை. குழம்பு ஒரு கொதி வருவதற்குள் அவன் சின்னதாகத் தெரிந்தான்.

"எங்கங்க போறீங்க?"

"நான் எங்க போறேன்? நீதான் வடக்க போற."

அவள் அடுக்களை ஜன்னலைப் பார்த்தாள். வெயில் விழும் இடம் மாறியிருந்தது. அவன் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"தையலு," என்று தெற்கிலிருந்து குரல் வந்தது. "இங்க குளுருது. என் மப்ளர் எங்க?"

"அலமாரியில, மேல்தட்டுல," என்றாள் பழக்கத்தில். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தாள். அலமாரி இவள் பக்கத்தில் இருந்தது. மார்கழியில் மப்ளர் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போகாத மனுஷன், தென்கோடிப் பனிக்கட்டியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். தையல்நாயகிக்கு அழுகை வந்தது. அழுதாள்.

கரைகளைப் பார்வையிடும் அதிகாரி கொல்லைப்புறமாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தார்.

"நெருப்பு வருதா?"

"அடுப்புல மட்டும்."

"நடுக்கம்?"

"எனக்கா, தரைக்கா?"

"தரைக்கு."

"இல்லீங்க."

"அப்ப இது சும்மா இருக்குற ஓரம்."

"நான் சும்மா இல்லீங்க. விடிஞ்சதுலேருந்து வேல பாக்குறேன்."

"வகையச் சொல்றேம்மா. சண்ட போடுற ஓரத்துல மல வளரும், நெருப்பு கக்கும். சும்மா இருக்குற ஓரம் சூடு ஆறி மெதுவா எறங்கும். வேற ஒண்ணும் செய்யாது."

"அவரு பக்கம்?"

"அதுவும் இதே வகைதான். ரெண்டு பேருமே சும்மாதான் இருக்கீங்க."

அவர் மோர் வாங்கிக் குடித்தார். நல்ல மோர் என்றார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வந்து கொல்லைக் கதவைத் தட்டியது.

"அக்கா, கொஞ்சம் மண்ணு கொண்டாந்திருக்கேன். எங்க கொட்ட?"

"அந்த ஓரமா கொட்டு."

அது தினமும் வந்தது. மேற்கே மலையைக் கரைத்து எடுத்துவருவதாகப் பெருமை வேறு. மண்ணோடு உடைந்த வளையல், காப்பிக்கொட்டை, யாரோ தொலைத்த மூக்குத்தித் திருகு எல்லாம் வந்தன. பாரம் ஏற ஏற ஓரம் இறங்கியது. இறங்க இறங்க ஆறு கொட்டியது. தரைமட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அடுக்களை ஓரத்தில் போட்ட கோலத்தின் மேல் ஒரு மலையே வந்து படுத்துவிட்டது என்று பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

குழம்பு அடுப்பிலேயே இருந்தது. கொதித்துக்கொண்டும் இருந்தது. அவள் அதில் இன்னும் உப்பு போடவில்லை. வீம்புக்கும் ஓர் அளவு வேண்டும்.

ஒரு நாள் அடுப்புக்குப் பக்கத்தில் தரை பூரி போல உப்பியது. மண் கனம், உப்பு லேசு. அடியில் அமுக்கி வைத்தால் எத்தனை காலம்தான் கிடக்கும்? தரை வெடித்து வெள்ளையாக மேலே வந்தது. தையல்நாயகி குனிந்து பார்த்தாள். அதே கல்லுப்பு. அவன் அள்ளிக் கொடுத்த அதே ஒரு பிடி, அவள் காலடியில் கிடந்தது.

இந்த முறை யாரும் கையில் கொடுக்கவில்லை. கீழேதான் இருந்தது. அவள் எடுத்துக்கொண்டாள்.

குழம்பில் கொஞ்சம் போட்டுக் கலக்கி நாக்கில் வைத்தாள். அவன் சொன்னது சரிதான். உப்பு பத்தாமல்தான் இருந்திருக்கிறது.

அலமாரியிலிருந்து மப்ளரை எடுத்துக் குழம்புச் சட்டியைச் சுற்றிக் கட்டினாள். மீதி உப்பை இலையில் மடித்தாள். விளிம்பிலிருந்து காலை இறக்கினாள். முழங்கால் தண்ணீர்தான் இருந்தது. ஆறு இத்தனை காலம் கொட்டிய மண் தெற்கே வெகுதூரத்துக்கு மேடையாகப் பரந்திருந்தது.

"அக்கா, நீங்க சும்மா இருக்குற ஓரம்னுல்ல சொன்னாங்க. எங்க கெளம்பிட்டீங்க?" என்றது ஆறு.

"குழம்பு ஆறிடும்," என்றாள்.

மேடை முடியும் வரை நடந்தாள். விளிம்பில் மண் தண்ணீருக்கு மேலே திட்டாக நின்றது. அதற்கு அப்பால் கடல் ஒரே சரிவாக இறங்கி இருட்டாகக் கிடந்தது. அவன் தெரியவில்லை. நாற்காலியும் தெரியவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் குனிந்து, சட்டியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இலையையும் வைத்தாள். கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

"கீழ வச்சிருக்கேங்க," என்றாள் இருட்டைப் பார்த்து. "பத்தலன்னா போட்டுக்குங்க."

அலை ஒன்று வந்து இலையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது.

பிறகு தெற்கே, கண்ணுக்கு எட்டாத இடத்தில், யாரோ ஒரு ஜாடியைத் தரையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.