அத்தை சொன்ன பதில்

கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவளுக்கு. பகலெல்லாம் ஊரார் பார்வையைச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொள்வாள். அதிலும் ஒரே ரகம்தான்: சர்வாதிகாரிகளின் ஆட்சியில் அகப்பட்டவர்களின் கதைகள். கதவு தட்டப்பட்டதும் உறைந்துபோகிறவர்கள், தம்பியைக் காட்டிக்கொடுக்கிற அண்ணன்கள். படிக்கையில் நெஞ்சு படபடக்கும். மூடிவைக்கவும் மனம் வராது.

"நிம்மதியா இருக்கற வீட்ல உக்காந்துகிட்டு ஏன் நரகத்துக்கு டிக்கெட் எடுக்கற?" என்று கணவன் கேலி செய்வான்.

மாமியார் கேலி செய்வதில்லை. புத்தகம் கண்ணில் பட்டால் அட்டை தெரியாமல் கவிழ்த்துவைத்துவிட்டுப் போவார். மகனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு, ஒரு தளபதியின் ஆட்சியிலிருந்து எல்லை தாண்டி வந்தவர் அவர். மாமனார் அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார் என்பார்கள். அதற்கு மேல் யாரும் பேசியதில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே என்று மருமகளுக்கு ஆதங்கம்.

வாசகர் வட்டம் அவள் வீட்டில் கூடிய ஞாயிற்றுக்கிழமை, அவள் மாமியாரை அழைத்தாள்.

"வந்து உக்காருங்க அத்தை. எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

"நான் என்னம்மா பேசப்போறேன்?"

"தெரிஞ்சதச் சொல்லுங்க, போதும்."

மாமியார் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எதிரே நான்கு பேர். அவர்களில் மூத்தவரான பேராசிரியர் கனிவாகத்தான் ஆரம்பித்தார்.

"அங்க வாழ்க்கை எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. அரசாங்கம் எங்கள நல்லா பாத்துக்கிச்சு."

யாரோ சிரித்தார்கள்.

"இங்க யாருக்கும் பயப்பட வேண்டாம். உண்மையச் சொல்லலாம்" என்றார் பேராசிரியர்.

"உண்மையத்தாங்க சொல்றேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்ல."

வங்கியில் வேலை பார்க்கும் பெண் கைபேசியை மேசைமேல் வைத்தாள். "பதிவு பண்ணிக்கறேன்மா. உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?"

மாமியார் கைபேசியைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. பாடம் ஒப்பிப்பதுபோல ஏற்றஇறக்கமில்லாமல் சொன்னார்:

"அவர் தப்பு பண்ணார். கூட்டிட்டுப் போனாங்க. எனக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்ற மகன் அதைக் கேட்டான். தட்டை அங்கேயே தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

"நான் போலாங்களா?" மாமியார் பேராசிரியரிடம் கேட்டார். அவர் தலையாட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் போனபின் மருமகள் மாமியாரின் அறைக்குப் போனாள். அவர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க அத்தை. அவங்க நல்லவங்கதான். மரியாதையாத்தான் கேட்டாங்க..."

"அன்னிக்கு வந்தவங்களும் மரியாதையாத்தான் கேட்டாங்க."

கணவன் இருட்டிய பின் திரும்பினான். தாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவில்லை. தாயும் மகனும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும்.

அவளால் அந்தக் கதைகளை விட முடியவில்லை. வீட்டில் படிப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஒளித்துவைத்துப் படித்தாள். நெஞ்சு முன்புபோலவே படபடத்தது. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஒரு காலை, அவள் வேலைக்குக் கிளம்பும்போது மாமியார் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"பாத்துப் போயிட்டு வாங்க."

"என்னை எதுக்கு அத்தை வாங்க போங்கன்னு சொல்றீங்க?"

மாமியார் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க."