தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்

பேதி மருந்தை எந்த ஊரில் உட்கார்ந்து குடிப்பது என்பதில் வெர்னா மட்டும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. மற்ற எல்லாவற்றிலும் பிடிவாதம் பிடிக்கிறவள், அதில் மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

அவள் ஊரான யரம்பாவில் இருப்பது இரண்டே அறைகள் கொண்ட கிளினிக். ஐம்பது தாண்டியவர் யார் அதன் படியேறினாலும், முழங்கை வலி என்று வந்தாலும்கூட, நர்ஸ் டிரூடி கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துத்தான் அனுப்புவாள். உள்ளே ஒரு குச்சியும் சின்னக் குப்பியும் இருக்கும். மலத்தில் குச்சியைத் தொட்டுக் குப்பியில் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெர்னாவின் கணவன் நெவில் தன் பொட்டலத்தை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்து வெயிலில் வேகவிட்டான். இரண்டாவது பொட்டலத்தை வெர்னா தன் வசம் எடுத்துக்கொண்டாள். காலையும் மாலையும் கக்கூஸ் வாசலில் நின்று தொந்தரவு செய்து காரியத்தை முடித்தாள். தபால் வண்டி வரும்வரை குப்பி குளிர்பெட்டியில், வெண்ணெய்க்கும் பீருக்கும் நடுவில் இருந்தது.

"பேரெழுதி ஒட்டு வெர். எவனாவது ரொட்டில தடவிடப் போறான்" என்றான் நெவில்.

சிரிப்பெல்லாம் டிரூடி வீடு தேடி வந்த அன்றோடு போயிற்று. கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் ரத்தம் இருக்கிறது என்றாள். மூலமாகவும் இருக்கலாம், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். நெவில் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான். அவனுடைய அப்பா குடலில் கட்டி வந்துதான் செத்தார், ஏறக்குறைய இதே வயதில். 

குழாய் விட்டுப் பார்க்கும் டாக்டர் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு முறை வருவார். முதல் முறை நெவில் பட்டினி கிடந்து, மருந்தைக் குடித்து, குடலைக் கழுவிக்கொண்டு போனபோது டாக்டருக்கே காய்ச்சல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறை முந்தின நாளே போய் விடுதியில் தங்கி அங்கேயே மருந்தைக் குடிக்கும்படி டிரூடி சொன்னாள். நெவில் ஒத்துக்கொள்ளவில்லை. விடுதிச் சுவரெல்லாம் அட்டை, தான் போகிற சத்தம் பக்கத்து அறைக்காரனுக்குக் கேட்கும், தன் வீட்டுக் கக்கூஸில்தான் போவேன் என்றான். ராத்திரி பாதி, விடியுமுன் மீதி என்று குடித்துவிட்டுக் காலையில் கிளம்பினால் போதும் என்பது அவன் கணக்கு. குச்சியைத் தொடவைக்கவே மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவளுக்கு, இதிலாவது ஆள் இஷ்டப்படி இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது.

கடைசியில், ராத்திரி குடித்தால் தூக்கம் போய்விடும் என்று முந்தின நாள் மத்தியானமே முதல் பாதியை ஆரம்பித்தான். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. ஆனால் யரம்பாவில் வெள்ளம் வர யரம்பாவில் மழை பெய்ய வேண்டியதில்லை. வடக்கே கொட்டியது, ஊர் ஊராகத் தவழ்ந்து, பளிச்சென்ற வெயிலில் வந்து சேரும். நாளை மறுநாள் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நெவிலும் அதையேதான் சொன்னான். கவுன்சில் வேலையில் கிரேடர் வண்டி ஓட்டி, பெரிய ஊருக்குப் போகும் அந்த மண்சாலையை வாழ்நாளெல்லாம் சமப்படுத்தியவன் அவன்.

போன் வந்தபோது அவன் கக்கூஸில் இருந்தான். கவுன்சில் மேஸ்திரி பேசினான். மேலே இருக்கிற மாட்டுப்பண்ணையைத் தண்ணீர் நினைத்ததைவிட வேகமாகக் கடந்துவிட்டதாம், அந்தச் சாலையில் ஓடையைக் கடக்கிற தரைப்பாலத்தை உடனே மூட வேண்டுமாம். நெவிலோடு வேலை பார்க்கிறவன் தன் மகள் கல்யாணத்துக்குக் கடற்கரைப் பக்கம் போயிருந்தான். சாலையை மூடும் பலகைகள் இருக்கிற கொட்டகைச் சாவி நெவிலிடம் மட்டுமே இருந்தது.

அவன் காலுறை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் வெர்னா துணிப்பெட்டியையும் மருந்தின் மீதிப் பாதியையும் வண்டியில் ஏற்றினாள். ஒரு மண்வெட்டியும் துடைக்கிற காகிதமும் எடுத்துக்கொண்டாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது, பழுப்பாக, சத்தமே இல்லாமல். கணுக்கால் அளவுகூட இருக்காது. வெர்னாவுக்கு உயிர் வந்தது.

"பலகையை நட்டுட்டு ஏறு, நெவ். அப்படியே அந்தப் பக்கம் போயிடலாம். அந்தப் பக்கத்தை அந்த ஊர்க்காரங்க மூடிப்பாங்க. மருந்தை எடுத்துட்டு வந்திருக்கேன்."

அவன் வண்டியின் பின்பக்கம் இருந்த துணிப்பெட்டியைப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். "போயிடலாம்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

சாலை மூடப்பட்டது என்ற பலகையை அவன் இறக்கினான். அதன் கால்களை ஊன்றி நிமிர்த்தி, காற்றுக்கு விழாமல் மணல் மூட்டை வைத்தான். இரண்டாவது மூட்டையைத் தூக்கியபோது முகம் மாறியது. மூட்டையைப் போட்டுவிட்டு, இடுப்பு வாரைப் பிடித்தபடி புதருக்குப் பின்னால் ஓடினான்.

வெர்னா ஓட்டுநர் இருக்கைக்கு மாறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். அளவு போட்ட வெள்ளைக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டது. ஹாரன் அடித்தாள். புதருக்குள்ளிருந்து கை ஒன்று மேலே எழுந்து, பொறு என்பதுபோல் ஆடியது. மருந்து குடித்தவனைப் பொறு என்றும் சொல்ல முடியாது, வா என்றும் சொல்ல முடியாது. குடலைக் காலி செய்யத்தானே குடித்தான்.

அவன் இடுப்பு வாரை மாட்டிக்கொண்டே திரும்பி வந்தான். தரைப்பாலத்தின் ஓரம் எது, ஓடை எது என்று இப்போது தெரியவில்லை. ஒரு மரக்கிளை பாலத்தின்மேல் குறுக்கே மெதுவாகப் போயிற்று.

"ஏறு" என்றாள் வெர்னா.

அவன் ஏறவில்லை. ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான்.

"அந்த வெள்ளைக் காரை, வெள்ளம் வடிஞ்சப்புறம் இங்கிருந்து நான்தான் இழுத்தேன், வெர். உள்ள ரெண்டு பேர் இருந்தாங்க. அவங்களும் முட்டி அளவுதான்னு நெனச்சிருப்பாங்க."

"அடுத்த மாசம் இந்த ரோடு தெறந்திருக்குமா? அதுக்கடுத்த மாசம்? சொல்லு, நீதானே மூடறவன்."

 மழைக்காலம் இப்போதுதான் தொடங்கியிருந்தது. வெர்னா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். அவன் மீதி மணல் மூட்டையையும் பலகைக்கு வைத்துவிட்டு வந்து, பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டான்.

மாடுகள் வருகிற இடம் என்பதால் மண் தள்ளி மூடிவிட்டு வரலாமென்று அவள் மண்வெட்டியோடு புதருக்குப் பின்னால் போனாள். குடல் ஏறக்குறைய சுத்தமாகிவிட்டிருந்தது, வெறும் மஞ்சள் நீர். அதில் சிவப்பாக ஒரு இழை ஓடியது. குப்பியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்தது. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு மண்ணைத் தள்ளி மூடினாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் டிரூடிக்குப் போன் போட்டு, அவசரத்துக்குப் பிளேனில் பறந்து வரும் டாக்டரை வரவழைக்க முடியாதா என்று கேட்டாள்.

டிரூடி, மயக்கம் இருக்கிறதா, வயிறு கல் மாதிரி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை.

"ரத்தம் எவ்வளவு போச்சு, வெர்னா? நல்லா யோசிச்சுச் சொல்லு. கொட்டினாத்தான் நான் பிளேன் கேக்க முடியும்."

வெர்னா மேசையைத் திரும்பிப் பார்த்தாள். நெவில் முட்டையும் ரொட்டியும் எடுத்து வைத்துக்கொண்டு, பட்டினியை முடிக்கலாமா கூடாதா என்று அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பொய் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வேறெங்கோ நிஜமாகக் கொட்டிக்கொண்டிருக்கிறவனுக்குப் போக வேண்டிய பிளேன் அது என்பது அவளுக்குத் தெரியும்.

கொஞ்சமாக இருக்கும்போதே பிடிக்கத்தான் அந்தக் குச்சியும் குப்பியும். கொஞ்சமாக இருக்கும்போதே பிடித்தும்விட்டார்கள்.

"கொஞ்சம்தான்" என்றாள்.

போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்து, அவனுக்கு முட்டையைப் பொரித்தாள்.