கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும்

1

இந்தக் கதை ஒரு பல்வலியில் ஆரம்பித்தது. பல் மருத்துவரின் முன்னறையில் கிடந்த பழைய பத்திரிகையில் ஓர் அறிவிப்பு: தாய்மார்கள், கைக்குழந்தைகள் நலனில் சமத்துவம் குறித்து ஆராய ஆய்வு நல்கை, விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதி எப்போதோ முடிந்திருந்தது. எனக்கு அதற்குத் தகுதியும் கிடையாது. ஆனால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு யோசிக்க ஏதாவது வேண்டுமே. அந்த நல்கையை யாரோ ஒருத்தி வாங்கியிருப்பாள் அல்லவா, அவள் காலையில் எழுந்து என்னதான் செய்வாள் என்று யோசித்தேன். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அவள் மட்டும் போகவில்லை.

2

முதல் தொடக்கம்: சமத்துவம் என்பது

[இதோடு நிறுத்திவிட்டேன். "என்பது" என்று ஆரம்பிக்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்: ஆய்வாளர் தன் மேசையில் அமர்ந்து, ஜன்னலுக்கு வெளியே மழையை

[மழையை என்ன செய்தாள்? பார்த்தாள். வேறென்ன செய்வாள்.]

என் அக்கா குழந்தைகள் வார்டில் நர்ஸ். எழுதுவதை முதலில் அவளிடம்தான் காட்டுவேன். பாராட்டுக்காக அல்ல, அந்தச் சரக்கு அவளிடம் கிடையாது. தன் மூத்த மகளை, எங்கள் பெரியவளை, பெற்ற கையோடு வார்டுக்குத் திரும்பி இரட்டை ஷிஃப்ட் பார்த்தவள், அவளுக்கு எதற்கும் நேரம் குறைவு. நின்றுகொண்டே படித்தாள்.

"ஆராய்ச்சி இருக்கு, மேசை இருக்கு, மழைகூட இருக்கு. குழந்தை எங்கடி?"

அதனால் ஆய்வாளருக்கு ஒரு குழந்தையைக் கொடுத்தேன். ஐந்து மாதப் பெண் குழந்தை. சிரிக்கும்போது ஒரு கண் மட்டும் மூடிக்கொள்ளும்.

3

ஆய்வாளரின் வேலை இதுதான். பிறந்த குழந்தையைத் தாய் மாதாமாதம் குழந்தைநல மையத்துக்குத் தூக்கிப்போய் எடை பார்க்க வேண்டும். முதல் ஒன்றிரண்டு மாதம் எல்லாத் தாய்மார்களும் வருகிறார்கள். பிறகு சிலர் நின்றுவிடுகிறார்கள். யார் நிற்கிறார்கள், என்ன காரணம், அவர்களுக்கு மையம் எங்கே கதவைச் சாத்துகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவள் இதை வெறும் சம்பளத்துக்காகச் செய்யவில்லை. நின்றுபோன வீடுகளில் மெலிந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு. மைய நர்ஸுகளுக்கு அவளே வகுப்பெடுத்தாள்: தாயைக் குற்றவாளி மாதிரிப் பார்க்காதீர்கள்.

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க நாலைந்து பெண்களை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு வானொலி என்று பெயர் விழுந்துவிட்டது. வாய் ஓயாது. அவள் எடுத்துவந்த பேட்டிகளிலெல்லாம் ஒரே பதில்: பஸ் கிடைக்கவில்லை. ஆய்வுக்குழுவே அசந்துபோனது. கடைசியில் ஆய்வாளர் ஒருநாள் கூடவே போய்ப் பார்த்தாள். வானொலி கேள்வியைக் கேட்டாள். அந்தத் தாய் யோசித்தாள். அவ்வளவுதான், வானொலிக்குப் பொறுக்கவில்லை.

"பஸ் கிடைக்கலையாம்மா? இந்த ரூட்ல பஸ் ஒழுங்கா வந்தாத்தானே! நானே இன்னிக்கு..."

அந்தத் தாயும் தப்பித்தோம் என்று தலையாட்டினாள்.*

(* அதற்குள் போக்குவரத்துத் துறைக்குக் கடிதம் தயாராகி, கையெழுத்துக்குக் காத்திருந்தது. இதை நான் கதைக்காகப் பெரிதாக்கவில்லை. கதையே நான் கட்டியதுதான் என்பது வேறு விஷயம்.)

அன்றைக்கு வானொலிக்கு நல்ல திட்டு. மறுநாளே ஆய்வாளர் எல்லாருக்கும் ஒரு விதி போட்டாள்: கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும். தாய் தானாகப் பேசும்வரை எவ்வளவு நேரமானாலும் வாயைத் திறக்கக்கூடாது. எடை பார்ப்பது எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகுதான். மையத்துக்கு வராமல் நின்றவர்களின் பட்டியலிலிருந்து பேட்டிக்குரிய வீட்டைக் கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டு எடுக்கும். கையில் விலாசம் மட்டும் தருவார்கள், முன்கூட்டியே யாரும் யாரைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்துவிடக்கூடாது என்று. விழுந்த வீட்டை மாற்ற முடியாது.

4

[இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அவள் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஒருத்தி இருப்பாளா?]

ஆய்வாளர் தன் குழந்தையை எடை பார்க்கத் தூக்கிப்போவதை நிறுத்தியிருந்தாள்.

முதல் தடவை தவறியது உண்மையிலேயே வேலையால்தான். அடுத்தது ஒரு கூட்டத்தால். அதற்கப்புறம் ஒரு சட்டையால். மஞ்சள் பூப்போட்ட பருத்திச் சட்டை, குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது வாங்கியது. ஒருநாள் காலையில் அதை மாட்டிவிடும்போது கணவன் சந்தோஷமாகச் சொன்னான்.

"பாரேன், நல்ல துணி. இன்னும் அப்படியே பத்துது!"

அவளுக்குக் கை நின்றுபோனது. துணி சுருங்கவும் இல்லை, விரியவும் இல்லை. குழந்தையும்தான்.

அவள் காரின் பின்சீட்டில் எடைக்கருவி எப்போதும் கிடக்கும். ஊரார் குழந்தைகளையெல்லாம் அதில் படுக்கவைப்பாள். இரண்டே நிமிட வேலை. சாயங்காலம் அதைக் காரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போவாள். எண்ணைப் பார்க்காதவரை அது வெறும் நல்ல துணிதான். மையத்துக்குப் போகவோ காலே வரவில்லை. தாயைக் குற்றவாளி மாதிரிப் பார்க்காதீர்கள் என்று தானே வகுப்பெடுத்த நர்ஸுகளின் முன்னால், மெலிந்த குழந்தையோடு எப்படிப் போய் நிற்பது?

ஊருக்குத்தான் உபதேசம் என்று உங்கள் வாய்வரை வந்திருக்கும். எனக்கும் வந்தது. அக்காவிடம் சொன்னபோது அவள் மட்டும் அதைச் சொல்லவில்லை. "எந்தச் சட்டை?" என்று கேட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

5

அழைப்புமணி அடித்தது. ஆய்வாளர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். தோள்பையோடு வானொலி நின்றிருந்தாள்.

"ஐயோ மேடம்! நான் ஒழுங்காத்தான் கேக்குறேன், சத்தியமா! என்னைச் செக் பண்ணவா வந்தீங்க? இந்த வீட்டம்மா எங்க?"

"நான்தாங்க. இது என் வீடு."

வானொலி விலாசத்தைப் பார்த்தாள். கதவிலிருந்த எண்ணைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் குலுக்கிப்போட்டு எடுத்தது யாரை என்பது அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது.

"வேணும்னா வீடு பூட்டியிருந்துச்சுன்னு..."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். உள்ள வாங்க."

சோபாவின் நுனியில் உட்கார்ந்து வானொலி மனப்பாடமாக ஆரம்பித்தாள். "உங்க பேரு எங்கயும் வெளிய வராது மேடம். இஷ்டமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "முதல்ல மையத்துக்கு வந்துட்டிருந்தீங்க. அப்புறம் வரல. என்ன ஆச்சும்மா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

மின்விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். வானொலி உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள், முகம் சிவந்துவிட்டது. ஒருமுறை திட்டு வாங்கியவள் அல்லவா, பயம். ஆய்வாளருக்கோ, இந்த மனுஷி ஒரு வார்த்தை பஸ்ஸைப் பற்றிப் பேசிவிடக்கூடாதா என்றிருந்தது. வாசலில் சொந்தக் கார் நிற்கிறது. இருந்தாலும் தலையாட்டத் தயாராக இருந்தாள்.

6

இங்கேயிருந்து பல முடிவுகளை முயன்றேன்.

முடிவு ஒன்று: "பஸ் கிடைக்கல" என்று அவளே சொல்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். [சிரிப்பு முடிந்ததும் குழந்தை அப்படியேதான் இருந்தது.]

முடிவு இரண்டு: ஆய்வாளரே ஆய்வில் அகப்படலாமா, இந்தப் பேட்டி செல்லுமா என்று கமிட்டி கூடி விவாதிக்கிறது. [இரண்டு பக்கம் எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

முடிவு மூன்று:

"சட்டை இன்னும் பத்துது" என்றாள் ஆய்வாளர். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அழுதுவிட்டாள்.

வானொலி ஒன்றும் சொல்லவில்லை. விதிக்காகவா, நிஜமாகவே வார்த்தை கிடைக்கவில்லையா, எனக்கும் தெரியாது. தோள்பையைத் திறந்தாள். இன்னும் பாதிக் கேள்விகள் பாக்கி இருந்தன. அவற்றை விட்டுவிட்டு எடைக்கருவியை எடுத்துத் தரையில் வைத்து, மேலே துண்டை விரித்தாள். எடை பார்க்கத் துணி இருக்கக்கூடாது. இதுவும் ஆய்வாளர் போட்ட விதிதான். அவளே ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். மஞ்சள் சட்டை தரையில் விழுந்தது. குழந்தையைத் துண்டின்மேல் படுக்கவைத்துவிட்டுக் கையை எடுத்தாள். குழந்தை காலை உதைத்து, ஒரு கண்ணை மூடிச் சிரித்தது. எண்கள் ஓடின, பிறகு நின்றன.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

7

இதுவரை எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"எவ்வளவுடி இருந்துச்சு?"

எண்ணை எழுதுவது பெரிய காரியமில்லை. நல்ல எண்ணாகப் போட்டால், வீணாகப் பயந்தாள் பார் என்பீர்கள். கெட்ட எண்ணாகப் போட்டால், என்ன தாய் இவள் என்பீர்கள். அந்த வாய்ப்பை உங்களுக்குத் தர எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அக்காவிடம் அப்படிப் பேச முடியுமா? அதனால் திருப்பிக் கேட்டேன்.

"அத விடு. அவ ஏன் காரிலிருந்து எடை மெஷினை எடுக்கவே இல்ல? உனக்கு என்ன தோணுது?"

எதற்கும் சுடச்சுடப் பதில் சொல்கிறவள் பேசவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

"வார்டுல அத்தனை குழந்தைங்களைத் தூக்கித் தூக்கி மெஷின்ல வச்சேன்டி" என்றாள். "நம்ம பெரியவள மட்டும், அப்போ, நான்..."

டபுள் ஷிஃப்ட்டாக்கா, நேரம் கிடைக்கவில்லையா என்று கேட்க வாய் துறுதுறுத்தது.

நான் கேட்கவில்லை. இதற்குக் கீழே இருக்கிற வெற்றிடம் அவளுக்காக விட்டது. நீங்களும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.