பாலமுனையில் நிற்கிறேன்

"...ஓய்வு நேரத்தில், சொந்த விருப்பத்தின் பேரில் ஓடுவதற்குச் சென்றிருந்த வேளை," என்று காலிதீன் கம்பனிக் கடிதத்தின் மூன்றாவது வரியை வாசித்தபோது, திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற சுல்பிகா கையிலிருந்த பிளேன்டீக் கோப்பையைத் தட்டத்தில் வைத்தாள். கோப்பை சாய்ந்தது. அவள் நிமிர்த்தவில்லை.

"திரும்ப வாசிங்க."

முன்கூடத்தில் கதிரை நகர்ந்தது. காலிதீன் ஏஜென்சிக்காரர், இரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய கணவன் ஸஜாத்தைச் சவூதிக்கு அனுப்பியவர். அவருக்கு எதிரே ஸஜாத்தின் மூத்த சகோதரர் றாஸிக் உட்கார்ந்திருந்தார். கணவன் இறந்து இத்தா இருக்கும் பெண்ணின் குரல் கேட்டதும் இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். காலிதீன் மறுபடி வாசித்தார், இம்முறை கொஞ்சம் வேகமாக.

"ஓடப் போனாராமா?" என்றாள் சுல்பிகா. "ஒரு ராத்தல் பாண் வாங்க ஆட்டோ புடிக்கிற மனிசன்."

யாரோ சிரிக்கப் பார்த்து இருமினார்கள். றாஸிக்தான். தம்பியின் சோம்பல் அவருக்கும் தெரியும்.

"சுல்பி, அது ஒரு பேச்சுக்கு எழுதிறது," என்றார் காலிதீன். "எல்லாக் கடிதமும் இப்பிடித்தான். நீங்க ஒப்பம் வச்சித் தந்தா இண்டைக்கு அங்க அஸர் தொழுகையோட அடக்கிருவாங்க. அஞ்சி நாளா மையித்து ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்கு. சுணக்கிறது நல்லமில்ல."

நல்லமில்லை என்று அவளுக்கும் தெரியும். இறந்தவனைக் காத்திருக்க வைக்கக்கூடாது என்பதைச் சிறுபிள்ளையிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். ஐந்து இரவுகளாக அவள் கண்ணை மூடியதும் தெரிந்தது ஒரு இரும்பு இழுப்பறைதான். ஆனால் இன்று காலை சுபஹு தொழுகைக்குப் பிறகு ஷிப்லி போன் எடுத்திருந்தான். ஸஜாத்தோடு ஒரே அறையில் இருந்தவன், மாளிகைக்காட்டுப் பொடியன்.

அந்தக் கம்பனியின் வேலை, சிவப்புக் கல்மலைகளுக்குள் ஓட்டப் பாதைகள் அமைப்பது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பாலைவனத்துக்குள் இருபது, முப்பது கிலோமீற்றர் ஓடுவார்கள். ஓட்டத்துக்கு முதல்நாள் பாதை நெடுகிலும் கற்களில் ரிப்பன் கட்டுவதும், முடிந்த பிறகு நடந்துபோய் அவற்றைக் கழற்றிச் சாக்கில் போட்டு வருவதும் ஸஜாத்தின் வேலை. திரும்பும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் இருந்தது. இலக்கங்கள் அவனுக்கு மனதில் நிற்கவில்லை. கல்முனை–அக்கரைப்பற்று பஸ்ஸில் ஒன்பது வருடம் கொண்டக்டராக இருந்தவன் அவன். ஆகவே பஸ் நிற்கும் ஊர்களின் வரிசையிலேயே முதல் வளைவுக்குச் சாய்ந்தமருது என்று பெயர் வைத்தான். பிறகு காரைதீவு, நிந்தவூர். வெளிச்சவீடு போலத் தனியாக நின்ற கல்லுக்கு ஒலுவில். அதைத் தாண்டினால் நிழலே இல்லாத ஒரு சிவந்த பள்ளம், அது பாலமுனை. அறையிலிருந்த ஊர்ப் பொடியன்மார் எல்லாரும் அந்தப் பெயர்களையே ரேடியோவிலும் சொல்லப் பழகிவிட்டார்கள்.

"சுல்பி, இண்டைக்கு ஒலுவில்ல இரிந்துதான் சோறு திண்டன்," என்று ஒருநாள் குரல்பதிவு அனுப்பியிருந்தான்.

"அப்ப அட்டாளச்சேனைக்கும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க," என்று அவள் பதில் அனுப்பினாள். இருவரும் சிரித்தார்கள். அவள் சிரித்தாள் என்பதை இப்போது நினைத்தால் பல் கூசியது.

அவளை அக்கா முறையில் தாத்தா என்றும் ஸஜாத்தை அண்ணன் முறையில் நானா என்றும் கூப்பிடுகிற ஷிப்லி, காலையில் தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

"தாத்தா, நானா பகல் பன்னெண்டு மணிக்கு ரிப்பன் கழட்டப் போன. ஒபிஸ்தான் அனுப்பின. தண்ணி முடிஞ்சதும் ரேடியோல சொல்லியிருக்காரு, பாலமுனை, நோ வோட்டர் எண்டு. நான் அண்டைக்கு டவுனுக்குச் சாமான் எடுக்கப் போயிட்டன். ரேடியோல இருந்தவன் நம்மட ஊரான் இல்ல, அவனுக்குப் பாலமுனை எங்க எண்டு தெரியா."

"எத்தின தரம் சொன்னாரு?"

"ஏழு தரமாம்."

"நோ வோட்டர் அவனுக்கு விளங்கினதானே?"

"விளங்கின, தாத்தா."

"பாலமுனை எங்க எண்டு ஒரு ஆளிட்டக் கேக்கலியா?"

"கேக்கல்ல. சாப்பிடப் போயிட்டானாம். நான் வந்து விசயத்தக் கேட்டு ஓடிப் போகக்குள்ள நாலு மணித்தியாலம். சாக்கக் கட்டி, தலைக்குக் கீழ வச்சிப் படுத்திருந்தாரு." பிறகு அவன் கெஞ்சினான். "எண்ட பேர மட்டும் சொல்லிராதீங்க."

பதினெட்டு. அந்தப் பள்ளத்தின் இலக்கம் பதினெட்டாம். அதைச் சொல்லியிருந்தால் போதும். அவள் காலையிலிருந்து கம்பனியைத் திட்டினாள், சாப்பிடப் போனவனைத் திட்டினாள், இடையிடையே ஸஜாத்தையும் திட்டினாள். உன்ர பஸ் அங்கயும் ஓடுதெண்டு நினைச்சியா? ஒரு இலக்கம் பாடமாக்க ஏலாமப் போச்சா உனக்கு?

"காலிதீன் நானா," என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. "சும்மா ஓடப் போன ஆளுட கையில ரேடியோ எதுக்கு?"

காலிதீன் கடிதத்தை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தார்.

"ரேடியோ கதை கடிதத்தில இல்லியே," என்றார் காலிதீன்.

"அதான் கேக்கன்."

"இஞ்ச பாரு புள்ள," றாஸிக் குறுக்கிட்டார். "கம்பனியோட மல்லுக்கட்டி என்ன வரப் போகுது? மௌத்தானவன் வருவானா? ஒப்பத்த வை. அவனாவது நிம்மதியாப் படுக்கட்டும்."

சுல்பிகா திரையை விலக்கினாள். உம்மா கமீலா பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தார். "எங்க கா போற? இத்தாக்காரி, அன்னிய ஆம்புளக்கு முன்னால!"

முந்தானை உம்மாவின் கையோடு போனது. அவள் அதைப் பிடுங்கி எடுத்துத் தலையை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். வெள்ளை உடுப்பு. காலிதீன் அவசரமாகச் சுவரைப் பார்த்தார். அவள் எதிரே போய்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அரபியில அந்த வரி எது? விரல வைங்க."

காலிதீன் முகத்தைத் திருப்பியபடியே விரலை வைத்தார். மேலே அரபு, கீழே தமிழ். அவளுக்கு அரபு ஓதத் தெரியும்; பொருள் தெரியாது. எழுத்தெழுத்தாக, வாய்க்குள், அந்த வரியைக் கடைசிவரை ஓதினாள். பிறகு மேசையிலிருந்த பேனையை எடுத்தாள்.

"என்ன செய்யிறாய்?" றாஸிக் எழுந்துவிட்டார். "அரபு எழுத்துக்கு மேலயா கீறுறாய்?"

"இது குர்ஆன் இல்ல, மச்சான். கம்பனிர பொய்."

அவள் கீறினாள். அரபு வரியை ஒருமுறை, தமிழ் வரியை மூன்றுமுறை. மூன்றாம் முறை தாள் கிழிந்தது. மேலே எழுதினாள்: 'வேலைக்கு அனுப்பிய இடத்தில், தண்ணீர் கேட்டு, கிடைக்காமல்.' அதற்குக் கீழே தன் பெயர்.

காலிதீன் இப்போதுதான் அவளைப் பார்த்தார். "இது செல்லாது, சுல்பி. திருப்பி அனுப்புவானுகள். நாளைக்கும் பெட்டிக்குள்ளதான். நாளண்டைக்கும்."

"கிடக்கட்டும்."

"புள்ள..." என்றார் றாஸிக்.

"நாலு மணித்தியாலம் உசிரோட காத்துக் கிடந்த மனிசன் மச்சான் அவரு. ஏழு தரம் கூப்பிட்டாரு. பொய்க்குக் கீழ அவர அடக்க என்னால ஏலா. வேற ஒப்பம் வேணுமெண்டா வேற பொஞ்சாதியத் தேடிப் புடிங்க."

உம்மா திரைக்குள் அழத் தொடங்கினார். றாஸிக் நின்றபடியே தாளைப் படித்தார். 'தண்ணீர் கேட்டு' என்ற இடத்தில் அவர் கண் நகராமல் நின்றது. சாறனில் இரண்டு கைகளையும் துடைத்தார். குனிந்து, அவளுடைய பெயருக்குக் கீழே, அவளுடையதைவிடப் பெரிதாகத் தன் ஒப்பத்தையும் வைத்துவிட்டுக் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

காலிதீன் பெருமூச்சுவிட்டு, படம் எடுக்கப் போனைத் தாளுக்கு மேலே பிடித்தார். "அனுப்பிப் பாப்பம். படம் இருட்டா விழுகுது."

சுல்பிகா எழுந்து, ஐந்து நாளாகச் சாத்தியிருந்த யன்னலைத் திறந்தாள். மத்தியான வெயில் மேசையில் விழுந்தது. கடற்காற்றில் தாள் எழும்பியது. அவள் அதன் இரண்டு ஓரங்களையும் விரல்களால் அழுத்திப் பிடித்தாள்.

"கையக் கொஞ்சம் எடுங்க, விரலும் விழுகுது," என்றார் காலிதீன்.

அவள் எடுக்கவில்லை.