இரண்டாவது கம்பி

கம்பி கையிலிருந்து நழுவியதும் அவன் முதலில் அதைத் திட்டத்தான் செய்தான். அது சிமெண்டுத் தரையில் விழுந்து துள்ளி, உருண்டு, வேலை மேசையின் காலருகே போய் நின்றது. ஏணியின் நடுப்படியில் நின்றபடி அதைப் பார்த்தான். இறங்கிப் போனால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். இறங்க முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. மேலே செருகியிருந்த இன்னொரு கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கேரேஜின் பெரிய கதவு மடிப்பு மடிப்பாக மேலே ஏறிக் கூரையோடு படுத்துக்கொள்ளும் வகை. அவ்வளவு பாரத்தையும் தூக்கிவிடுவது கதவுக்கு மேலே குறுக்கே ஓடும் குழாயில் மாட்டிய ஒரு தடித்த ஸ்பிரிங். பழையது போன வாரம் உடைந்தது. புதியதை வாங்கிக் காலையிலேயே மாட்டியும் விட்டான். பாக்கி இருந்தது முறுக்குகிற வேலை. ஸ்பிரிங்கின் முனையில் ஓர் இரும்புக் குமிழ், அதைச் சுற்றித் துளைகள். ஒரு துளையில் கம்பியைச் செருகிக் கால் சுற்று தள்ள வேண்டும். அடுத்த துளையில் இரண்டாவது கம்பியைச் செருகி, பாரத்தை அதற்கு மாற்றிவிட்டு, முதல் கம்பியை உருவ வேண்டும். இப்படியே மாற்றி மாற்றி. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஸ்பிரிங்குக்குக் கோபம் ஏறும். கடைசியில் குமிழில் இருக்கும் போல்ட்டை இறுக்கினால்தான் அது அடங்கும். அதுவரை அந்தக் கோபம் முழுக்கக் கம்பியைப் பிடித்திருப்பவன் கையில்தான் இருக்கும். இப்போது ஏறக்குறைய முழுக் கோபம். போல்ட் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தது. இன்னும் ஒரே ஒரு கால் சுற்று போனால் ஸ்பேனர் எட்டும். அந்தக் கால் சுற்றுக்கு வேண்டிய கம்பிதான் கீழே கிடந்தது.

ஒரு கையை மட்டும் விட்டுப் பார்த்தான். கம்பி உடனே ஓர் அங்குலம் திமிறியது. அலறிக்கொண்டு மறுபடி பிடித்தான்.

கதவு வேலை செய்பவர் போனிலேயே சொல்லியிருந்தார். "எத வேணா தொடுங்க சார். ஸ்பிரிங்க மட்டும் தொட்டுடாதீங்க. திங்கக்கிழமை நானே வந்து பாக்கறேன்." இவன் சரி சரி என்று கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து, "அவர் வர்றதுக்குள்ள நானே முடிச்சிடுவேன்" என்று பெருமையடித்தான். சனி, ஞாயிறு வந்துவிட்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. சுவரில் பலகை அடித்து, சுத்தியலுக்குச் சுத்தியல் வடிவம், ரம்பத்துக்கு ரம்ப வடிவம் என்று வரைந்து ஒவ்வொன்றையும் அதனதன் நிழலில் மாட்டி வைத்திருந்தான். மடித்தால் சுவரோடு ஒட்டும் மேசை செய்தான். அது மடியும், விரிக்கத்தான் மனது வைக்காது. மாமியார் உட்காரட்டும் என்று ஒரு ஸ்டூல் செய்தான். அதற்கு நாலு கால், ஆனால் மூன்றுதான் தரையில் படும். மாமியார் இந்த அறைக்கு ஆபரேஷன் தியேட்டர் என்று பேர் வைத்திருந்தார்.

கம்பிகளும் சொந்தத் தயாரிப்புதான். பழைய ஜன்னல் கம்பியை, டிராயருக்குள் அடங்கட்டும் என்று குட்டையாக அறுத்திருந்தான். நீளமாக விட்டிருந்தால் கதவின்மேலாவது முட்டுக்கொடுத்திருக்கலாம். போதாததற்குத் துளையில் சுலபமாக நுழையட்டும் என்று எண்ணெய் வேறு தடவினான். அந்தப் புத்திசாலித்தனம் இப்போது உள்ளங்கையில் வழுக்கியது.

அவனுக்கு வேலை இன்சூரன்ஸ் கம்பெனியில், விபத்துக்குப் பணம் கேட்டு வருகிற விண்ணப்பங்களைப் பார்ப்பது. கேரேஜ் ஸ்பிரிங் விபத்து ஒன்றும் அவனிடம் வந்திருக்கிறது. அடிபட்டவரின் தாடைப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று மதியம் அவன் சாப்பிடவில்லை. ஆனாலும் சாயங்காலம் அந்த விண்ணப்பத்தின் கீழே, 'தம் சொந்தக் கவனக்குறைவால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எழுதும்போது அந்த ஆளை நினைத்துக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. இந்தக் கம்பி எந்தப் பக்கம் பறக்கும் என்று இப்போது கணக்குப் போட்டான். எப்படிப் போட்டாலும் வழியில் அவன் முகம் இருந்தது.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினான்.

யாரும் வரவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் இந்த அறையிலிருந்து கத்துகிறான். ஆணி வளைந்தால் "செத்தேன்", திருகாணி உருண்டால் "போச்சு, எல்லாம் போச்சு", துரப்பணம் நின்றால் ஊரைக் கூட்டுகிற மாதிரி "ஐயோ". வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது மிக்ஸி ஓடுகிற சத்தம் மாதிரிப் பழகிவிட்டது. மறுபடி கத்தினான். உள்ளே டிவியின் சத்தத்தை யாரோ ஒரு படி கூட்டினார்கள்.

முழங்கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் கம்பிக்குப் போய், கம்பியிலிருந்து குமிழுக்குப் போய், குமிழ் டிக் டிக்கென்று தந்தியடித்தது. கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. துடைக்க வழியில்லை. எவ்வளவு நேரம் தாங்கும் இந்தக் கை?

வீட்டுக்குள்ளிருந்து வரும் கதவு திறந்தது. மாமியார், கையில் டீ.

"மாப்ள, டீ."

"அத்தை, அவளக் கூப்பிடுங்க. சீக்கிரம்."

"அவதான் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்னு இருக்காளே. என்னத்தப் பிடிச்சிட்டுத் தொங்கறீங்க?" என்று அண்ணாந்து பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். "அட, இந்தக் கம்பி விழுந்துடுச்சா? இதுக்குத்தான் இந்தக் கத்தலா? இருங்க, நான் எடுத்துத் தரேன்."

டீயைப் படியில் வைத்துவிட்டு, வலிக்கிற முழங்காலில் ஒரு கையை ஊன்றி உள்ளே ஓர் அடி வைத்தார். மேசைக்குப் போக வழி ஸ்பிரிங்குக்கு நேர் கீழே இருந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் அந்த நரைத்த தலை கம்பிக்கு நேராக வந்துவிடும்.

"வராதீங்க! தொடாதீங்க! வெளிய போங்க!"

சத்தம் தகரக் கதவில் பட்டுத் திரும்பி வந்தது. மாமியார் நின்றார். இத்தனை வருடத்தில் அவன் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"சரிப்பா" என்றார். மாப்ள இல்லை, சரிப்பா. திரும்பிப் போய்க் கதவையும் சாத்திவிட்டார்.

அடுத்த நிமிடமே கதவுக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல் கேட்டது. "எங்க அம்மாவப் பாத்து வெளிய போன்னு சொன்னீங்களா?"

"நீ உள்ள வா. சொல்றேன்."

"எதுக்கு? ஒரு லைட்டக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதவ அங்க வந்து என்ன கிழிக்கப் போறேன்?"

அது அவன் வாயாலேயே சொன்னது. இந்த அறையில் அவளுடைய உத்தியோகம் டார்ச் பிடிப்பது. அவன் எதற்குள்ளாவது தலையை விட்டுக்கொண்டு "இங்க, இங்க" என்பான். எங்கே என்று அவளாகத் தெரிந்துகொள்ள வேண்டும். போன சனிக்கிழமை, அலமாரிக்குப் பின்னால் ஒயர் மாட்டும்போது வெளிச்சம் ஒரு சாண் தள்ளி விழுந்துவிட்டது. மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, "ஒரு லைட்டக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா உனக்கு?" என்று எரிந்து விழுந்தான். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். கைக்குழந்தையின் நரம்பில்கூட ஒரே குத்தில் ஊசி ஏற்றுகிற கை. டார்ச்சை அணைத்து மேசையில் வைத்தாள். "இனிமே என் கால் இந்த ரூமுக்குள்ள படாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். படவும் இல்லை.

"அவசரம்டீ. நிஜமா அவசரம்."

"உங்களுக்கு எதுதான் அவசரம் இல்ல? போன வாரம் வாஷர் தொலைஞ்சதும் அவசரம்தான். முதல்ல அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் பாக்கலாம்."

செருப்புச் சத்தம் திரும்பி நடந்தது.

கம்பி உள்ளங்கையில் மயிரிழை வழுக்கியது. இன்னும் இறுக்கினான். இறுக்க இறுக்க எண்ணெய் விரல்களுக்கிடையே பிதுங்கியது. விட்டுவிட்டுப் பின்பக்கம் குதித்தால்? குதிப்பதற்குள் கம்பி வந்துவிடும். அவனுக்கு அழுகை வந்தது. திங்கட்கிழமை ஆபீசில் பக்கத்து மேசைக்காரர் தன்னுடைய படத்தைப் பார்ப்பார், மதியம் சாப்பிடமாட்டார், சாயங்காலம் கையெழுத்துப் போடுவார் என்று தோன்றியது. அதைவிட, சத்தம் கேட்டு ஓடிவந்து கதவைத் திறக்கப்போவது அவள். வாஷரைப் பற்றிப் பேசிவிட்டுப் போனோமே என்றுதான் அவளுக்குக் காலம் முழுக்க இருக்கும். அந்த நினைப்பில்தான் அவனுக்குப் பயம் முழுசாக வந்தது. அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை.

அவனுடைய குடலிறக்க ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் கேட்டாள், "உங்களுக்குப் பயமே வராதா?" என்று. "பயந்தா வேலையாகுமா?" என்று சிரித்தான். அன்று ராத்திரி கழிவறையில் தனியாக உட்கார்ந்து நடுங்கியது அவனுக்கு மட்டும்தான் தெரியும். பயம் என்ற வார்த்தையை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சும் இல்லை. சாதாரணக் குரலில், பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்வதுபோல் சொன்னான்.

"எனக்குப் பயமா இருக்கு."

செருப்புச் சத்தம் நின்றது. டிவியில் யாரோ கைதட்டினார்கள். பிறகு கதவு திறந்தது.

அவள் முதலில் அவன் முகத்தைத்தான் பார்த்தாள். ஊசியைக் கண்டு மயங்கப்போகிறவர்களை முகத்தை வைத்தே கண்டுபிடிக்கிற பார்வை. அப்புறம் கையைப் பார்த்தாள். அப்புறம் கீழே கிடந்த கம்பியை.

"என்ன பண்ணணும்?"

"சுவரோரமாப் போ. எனக்கு நேரா வராதே. கம்பிய எடு."

"எடுத்துட்டேன்."

"போன்ல பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம், ஆனா..."

"உங்க கை அதுவரைக்கும் தாங்குமா?"

அவன் தலையாட்டினான். தாங்காது என்று.

அவள் தோளில் கிடந்த சமையலறைத் துணியால் கம்பியை ஒருமுறைக்கு இரண்டுமுறை அழுத்தித் துடைத்தாள். எண்ணெயைப் பார்த்து முகம் சுளித்தாள். ஏணியில் இன்னொருவருக்கு இடமில்லை. சுற்றிலும் பார்த்து, மாமியாரின் ஸ்டூலை இழுத்து வந்தாள்.

"அதுல ஏறாதே" என்றான். "அது ஆடும்."

"தெரியும். இந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

ஸ்பிரிங் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, மடித்து, தரையில் படாத அந்தக் காலுக்கு அடியில் செருகினாள். காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஏறி நின்றாள். அவள் தலைமுடி அவன் தோளில் உரசியது. இவ்வளவு பக்கத்தில் வைத்து, அவளைப் போய் இதற்குள் இழுத்துவிட்டோமே என்று இருந்தது அவனுக்கு. போய்விடு என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாததற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"உன் பக்கம் ஒரு துளை தெரியுதா?"

"தெரியுது."

"கடைசி வரைக்கும் செருகு. முட்டுதா?"

"முட்டிடுச்சு."

"ரெண்டு கையாலயும் பிடி. மெதுவா மேல தள்ளு. பாரம் உன் பக்கம் வரும்."

அவள் தள்ளினாள். குமிழ் ஒரு முனகலோடு அசைந்தது. அவன் கையிலிருந்த கனம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதும், அதே கனம் அவள் முகத்தில் ஏறுவதும் ஒன்றாக நடந்தன. அவள் கண் விரிந்தது.

"அம்மாடி" என்றாள். "இவ்வளவா?"

"இவ்வளவுதான்."

"இத வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் நின்னுட்டிருந்தீங்க?"

போல்ட் சுவரிலிருந்து திரும்பி வெளியே எட்டிப் பார்த்தது. ஸ்பேனர் அவன் பின் பாக்கெட்டில் இருந்தது. இனி அவன் தன் கம்பியை உருவிவிட்டு, ஸ்பேனரை எடுத்து, போல்ட்டை இறுக்க வேண்டும். அதுவரை எல்லாம் அவள் கையில். வாசலில் மாமியார் வந்து நின்றிருந்தார். வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, படியில் இருந்த டீயை மிதித்துவிடாமல் ஒதுங்கி நின்றார்.

"நான் கைய எடுத்தா முழுசும் உனக்கு வந்துடும்" என்றான்.

"எடுங்க."

"வழுக்குச்சுன்னா..."

"எடுங்கன்னு சொல்றேன்ல."

அவன் எடுக்கவில்லை. எடு என்று தலை சொன்னது. விரல்கள் கேட்கவில்லை. அவை இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் நெற்றியில் ஒரு நரம்பு புடைத்திருந்தது. மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கைகள் மட்டும் நடுங்கவில்லை. அவள் அவன் பக்கம் திரும்பாமல், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஒழுங்காப் பிடிப்பேனான்னு பாக்கறீங்களா?"

அவன் இல்லை என்று தலையசைத்தான். அவள் அதைப் பார்த்திருக்க முடியாது. ஸ்டூலின் குட்டைக் கால் அட்டையை அழுத்தி, அட்டை மெல்லச் சப்பையாகிக்கொண்டிருந்தது. முதலில் கட்டைவிரலைப் பிரித்தான். பிறகு சுட்டுவிரலை. ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. சுண்டுவிரல் மட்டும் கம்பியிலேயே இருந்தது.